தூக்குவதும் தாங்குவதும்

கடையத்தில் ஒரு லோடு வண்டி ஒரே நடையில் மூன்று விதமான தரையைப் பார்த்துவிடுகிறது. ராமநதி, கடனாநதி பாசனத்து வயலோரத்தில் மூட்டை ஏற்றும்போது அதன் சக்கரம் வண்டல் சேற்றில் நிற்கிறது. பாவூர்சத்திரம் சந்தைக்கோ தென்காசிக்கோ போகும்போது தார்ச்சாலை. சரக்கு கேரளத்துக்கு என்றால் செங்கோட்டை தாண்டி, புளியரை எஸ் வளைவில் ஏறி, ஆரியங்காவு வழியாகத் தென்மலைக்கு இறங்கும் மலைப்பாதை. சீசன் தொடங்கிச் சாரல் பிடித்தால் இந்த மூன்றும் ஈரம். இப்படி உழைக்கும் வண்டியில் முதலில் முனகுவது முன்பக்கம்தான். ஸ்டியரிங் ஆடுகிறது, பள்ளத்தில் இறங்கினால் ‘டொக்’ என்று அடிக்கிறது, டயரை ஒரு பக்கமாகத் தின்கிறது. உடனே வரும் யோசனை, ‘கம்பெனி பொருள் பத்தாது, ஹெவி டூட்டியா மாத்திடு’ என்பது. வெளிச்சந்தையில் கிடைக்கும் அப்பர் ஆர்ம், உயர ஸ்பிரிங், கூடுதல் பட்டை என்று யூடியூபிலும் உதிரிபாகக் கடைகளிலும் இதற்கு விடைகள் குவிந்து கிடக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை வேறு ஒரு கேள்விக்கான விடைகள் என்பதும், தவறான இடத்தில் பொருத்தினால் வண்டி முன்னைவிட ஆபத்தானதாகிறது என்பதும்தான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் எந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 2005 மே மாதம் சந்தைக்கு வந்து, தமிழ்நாடு முழுக்கக் குட்டியானை என்று பெயரெடுத்த டாடா ஏஸுக்கு முன்பக்கம் இருப்பது ஒரே நீள அச்சு. அதன் மேல் பட்டை ஸ்பிரிங். அசோக் லேலண்ட் தோஸ்த்துக்கும் முன்னால் பட்டைதான். இங்கே ஓடும் பொலிரோ பிக்கப்புகளிலும் பெரும்பாலானவை முன்னும் பின்னும் பட்டையில் நிற்பவை. இவற்றில் மேல் கை, கீழ் கை என்று தனித்தனி ஆர்ம்களே கிடையாது. ஆகவே மாற்றுவதற்கும் ஒன்றும் இல்லை. இரு கை அமைப்பு, அதாவது ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம் பிடித்துக்கொள்வது, நம் நாட்டுச் சரக்கு வண்டிகளுக்குப் புதிதல்ல. 1988இல் வந்த டாடாமொபைல் அப்படிப்பட்டதுதான். இன்று அந்த அமைப்போடு பரவலாகப் பேசப்படுபவை ஆந்திரத்தின் ஸ்ரீ சிட்டியில் 2016 முதல் தயாராகும் இசுசு டி-மேக்ஸ், வி-கிராஸ் வண்டிகளும், 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸும்தான். வெளிநாட்டு அப்பர் ஆர்ம் பற்றிய பேச்செல்லாம் இந்தச் சிறு கூட்டத்துக்கு மட்டுமே பொருந்தும். அவற்றின் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுக் குட்டியானைக்கு ‘அதுமாதிரி ஏதாவது’ தேடுவதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இரு கை அமைப்பில் எந்தக் கை என்ன செய்கிறது என்று பார்த்தால் குழப்பத்தின் பாதி தீரும். டி-மேக்ஸிலும் ஹைலக்ஸிலும் சுருள் ஸ்பிரிங்கின் அடிப்பாகம் உட்கார்ந்திருப்பது கீழ் ஆர்மில். வண்டியின் முன்பாரம் ஸ்பிரிங் வழியாக இறங்கி, கீழ் ஆர்மையும் அதன் பால் ஜாயிண்ட்டையும் அழுத்திச் சக்கரத்துக்குப் போகிறது. மேல் ஆர்மின் வழியாக அந்தப் பாரம் போவதே இல்லை. சக்கரத்தின் தலையைச் சரியான சாய்வில் பிடித்துக்கொள்வதும், பிரேக் பிடிக்கும்போதும் வளைவிலும் வரும் இழுப்பைத் தாங்குவதும்தான் அதன் வேலை. ஆகவே எவ்வளவு தடித்த, எவ்வளவு விலையுயர்ந்த மேல் ஆர்ம் போட்டாலும் வண்டி ஒரு மூட்டைகூட அதிகம் சுமக்காது. பெட்டியின் மேல் ஹெவி டூட்டி என்று அச்சிட்டிருப்பது ஆர்மின் உலோகத்தைப் பற்றிய சொல். வண்டியின் தாங்குதிறனைப் பற்றி அதில் ஒரு வாக்குறுதியும் இல்லை.

பிறகு ஏன் அந்தப் பொருள் விற்கிறது? வண்டியைத் தூக்குவதால். காட்டுப்பாதைக்காகவோ பெரிய டயருக்காகவோ முன்பக்கத்தை 40, 50 மில்லிமீட்டர் உயர்த்தும்போது, இரண்டு ஆர்ம்களும் இயல்பான நிலையை விட்டுக் கீழ்நோக்கித் தொங்குகின்றன. மேல் பால் ஜாயிண்ட் தன் அசைவின் எல்லைக்கு அருகே போய் நிற்கிறது. சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது சில வண்டிகளில் ஆர்ம் ஸ்பிரிங்கின் மேலேயே போய் இடிக்கிறது. அதைவிட முக்கியமானது, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் கோண மாற்றம். சைக்கிளின் முன்கவை பின்னோக்கிச் சாய்ந்திருப்பது, கையை விட்டாலும் சக்கரம் நேரே போக உதவுகிறது. காரிலும் பிக்கப்பிலும் மேல், கீழ் பால் ஜாயிண்ட்டுகளை இணைக்கும் கற்பனைக்கோடு அதேபோல் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். பட்டறையில் இதைக் காஸ்டர் என்கிறார்கள். வண்டியைத் தூக்கினால் இந்தச் சாய்வு குறைந்துவிடுகிறது. விளைவு, வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அலையும். ஓட்டுநர் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அலைன்மெண்ட் கடையில் கொடுத்தால், கம்பெனி அமைப்பில் உள்ள திருத்தத்துக்கான இடம் போதவில்லை என்று கைவிரிப்பார்கள். வெளிச்சந்தை மேல் ஆர்ம் இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. அதில் பால் ஜாயிண்ட் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். அதிகக் கோணம் அசையும். ஸ்பிரிங்குக்கு வழிவிட்டு வளைந்திருக்கும். தூக்கியதால் இழந்த கோணத்தை அது மீட்டுத் தருகிறது. இரு கை வண்டியைத் தூக்கியே ஆகவேண்டும் என்று இருப்பவர், ஸ்பிரிங்குக்குச் செலவழித்துவிட்டு ஆர்மில் மிச்சம் பிடிப்பது தவறு; அவருக்கு அந்த ஆர்ம் தேவை. தூக்காத வண்டிக்கோ, இல்லாத நோய்க்கு மருந்து வாங்கும் செலவு அது. ஒரு ஜோடிக்கே பல பத்தாயிரம் ரூபாய்.

தேவைப்படுகிறவருக்கும் எதை வாங்குவது என்பதில் ஊரின் மண்ணும் மழையும் தீர்ப்புச் சொல்ல வேண்டும். போட்டி வண்டிகளுக்காக உருவான திறந்த உருண்டை பேரிங் வைத்த ஆர்ம்கள் பார்க்க மிடுக்காக இருக்கும். அவற்றுக்கு ரப்பர் உறை இல்லாததால் வயல் சேறும் சாரல் நீரும் நேரே உள்ளே போகும். சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும். உறையிட்டு, கிரீஸ் அடிக்க நிப்பிள் வைத்த பால் ஜாயிண்ட்தான் இந்தப் பகுதிக்கு ஏற்றது. புஷ் விஷயத்திலும் அப்படியே: பாலியூரித்தேன் புஷ் இறுக்கமானது, ஆனால் கிரீஸ் வறண்டால் கீச்சிடும், சாலை அதிர்வை வடிகட்டாமல் சேஸிஸுக்கு அனுப்பும். ரப்பர் புஷ் மென்மையானது, ஆனால் பொருத்தும்போது ஒரு விதியை மீறக்கூடாது. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்மின் போல்ட்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நிற்கும்; சில மாதங்களில் கிழிந்துவிடும். நான்கு சக்கரமும் தரையில் நின்று பாரம் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கு. இந்த ஒரு படியை அவசரத்தில் தவறவிட்டால் மிக நல்ல பொருளும் கெட்ட பெயர் வாங்கிவிடுகிறது.

இதெல்லாம் சிறுபான்மைக்கு. கடையம், பாவூர்சத்திரம், சுரண்டை வட்டாரத்தின் பெரும்பான்மை வண்டிகளுக்கு நடக்கும் மேம்படுத்தல் வேறு: பின்பக்கத்தில் கூடுதல் பட்டை போடுவது. வண்டி வாங்கிய கையோடு ஸ்பிரிங் பட்டறைக்குக் கொண்டுபோய் ஒன்றோ இரண்டோ பட்டை ஏற்றிக் கட்டிவிடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. அப்பர் ஆர்மில் போகும் பணமாவது வீண்செலவோடு நிற்கிறது. கூடுதல் பட்டையோ பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடுகிறது. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

பட்டை கூட்டினால் வண்டியின் பின்பக்கம் உயர்கிறது. குட்டியானையின் முன், பின் அச்சுகளுக்கு இடையே 2,100 மில்லிமீட்டர் தூரம். பின்பக்கம் 50 மில்லிமீட்டர் உயர்ந்தால் வண்டி முழுவதும் முன்னோக்கிச் சுமார் 1.4 டிகிரி கவிழ்கிறது. முன் அச்சும் அதோடு சேர்ந்து கவிழ்வதால், முன்சக்கரத்தை நேரே வைத்திருக்கும் காஸ்டர் சாய்வில் அதே 1.4 டிகிரி போய்விடுகிறது. மொத்தமே ஒரு சில டிகிரிதான் இருக்கும் ஒரு கோணத்தில் இது சிறு கழிவல்ல. காலி வண்டி நாற்கரச் சாலையில் அலைகிறது என்று கிங் பின்னையும் டை ராடையும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள், பின்பக்கத்தில் தாங்களே போட்ட பட்டையைச் சந்தேகிப்பதில்லை. பாரம் ஏற்றிய பிறகு கதை தலைகீழாகிறது. கூடுதல் பட்டையை நம்பிக் கூடுதல் மூட்டை பின் அச்சுக்குப் பின்னால் வரை அடுக்கப்படும்போது, அது நெம்புகோலாக வேலை செய்து முன்பக்கத்தைத் தூக்குகிறது. ஸ்டியரிங் லேசாகிறது. ஓட்டுநருக்கு அது சுகமாகத் தோன்றலாம். உண்மையில் முன்டயர் தரையை அழுத்திப் பிடிக்கவில்லை என்பதன் அடையாளம் அது.

அடுத்தது பிரேக். பல பிக்கப்புகளில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு சிறு கம்பி, ஒரு வால்வோடு இணைந்திருக்கும். அந்த வால்வை எல்.எஸ்.பி.வி. என்பார்கள். வண்டி காலியாக இருந்தால் சேஸிஸ் உயர்ந்து நிற்கும். இடைவெளி அதிகம் என்று கம்பி சொல்ல, பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காதபடி வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தைக் குறைக்கும். பாரம் ஏறிச் சேஸிஸ் தாழ்ந்தால் முழு அழுத்தத்தையும் விடும். அந்த வால்வுக்கு எடை தெரியாது. இடைவெளி மட்டும்தான் தெரியும். கூடுதல் பட்டை போட்ட வண்டியில் பாரம் ஏறியும் சேஸிஸ் போதிய அளவு தாழ்வதில்லை. வண்டி பாதி காலி என்று வால்வு நம்பிக்கொள்கிறது. அளவுக்கு மிஞ்சிய சரக்கோடு ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கு இறங்கும் இடத்தில், மிக அதிகமாகப் பிரேக் தேவைப்படும் நேரத்தில், பின் பிரேக் அரை மனதோடு வேலை செய்கிறது. முழுச் சுமையும் முன் பிரேக்கின் தலையில் விழுந்து அது சூடேறுகிறது. சிலர் இதற்குத் தீர்வாகக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடச் சொல்வார்கள். அப்படிச் செய்தால் காலி வண்டி, சாரல் நனைத்த சாலையில், பின்சக்கரம் பூட்டிச் சுழன்று நிற்கும். ஒரு பட்டை சேர்த்ததில் தொடங்கியது இவ்வளவும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவானவை; ஒதுக்கிவிட முடியாது. முதலாவது, எங்கள் சாலைக்குக் கம்பெனி ஸ்பிரிங் தாங்காது என்பது. சாலை மோசம் என்பது பல இடங்களில் உண்மை. ஆனால் மோசமான சாலைக்குத் தேவைப்படுவது மென்மையாக ஏறி இறங்கும் ஸ்பிரிங்கும், அந்த ஆட்டத்தை அடக்கும் நல்ல ஷாக் அப்சார்பரும். ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் பள்ளத்தின் அடி அப்படியே புஷ்ஷுக்கும் பேரிங்குக்கும் சேஸிஸ் வெல்டிங்குக்கும் போகிறது. சாலையும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் இல்லினாயில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் பெற்ற விதி, அச்சின் எடை கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பது. அச்சில் 20 சதவீதம் அதிகம் ஏற்றினால் சேதம் இரண்டு மடங்கைத் தொடுகிறது. பட்டை கூட்டி, பாரம் கூட்டி, சாலையை உடைத்து, உடைந்த சாலைக்காக மறுபடி பட்டை கூட்டுகிறோம். குட்டியானையைவிடக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகும் டாரஸ் லாரிகள்தானே சாலையை உடைக்கின்றன என்று கேட்டால், ஆம், அதே கணக்கின்படி அவற்றின் பங்கு மிகமிகப் பெரியது. அதனால் சிறு வண்டியின் பிரேக் கணக்கு மாறிவிடாது.

இரண்டாவது, பத்து வருடமாகப் பட்டை போட்டு ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்பது. பிரேக்கின் இருப்பு எப்போதாவது ஒருமுறைதான் முழுதாகத் தேவைப்படும். மற்ற நாளெல்லாம் அதில் பாதியே போதும் என்பதால், பாதி இழந்தது தெரியாமலே வண்டி ஓடிக்கொண்டிருக்கும். விபத்து நடந்தால் ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்ற ஒற்றை வரியோடு பேச்சு முடிந்துவிடுகிறது; பிடிக்காததற்குக் காரணம் பட்டறையில் எப்போதோ கட்டிய பட்டை என்பதை யாரும் தேடிப் போவதில்லை. மூன்றாவது, வெளிச்சந்தைப் பொருள் கம்பெனிப் பொருளைவிடத் தடிமன், அதனால் உறுதி என்ற நம்பிக்கை. கல்லில் மோதும்போது ஏதாவது ஒன்று வளைந்துதான் ஆக வேண்டும். கழற்றி மாற்றக்கூடிய ஆர்ம் வளைந்தால் ஒரு நாள் வேலை. ஆர்ம் வளைய மறுத்து, அது பூட்டியிருக்கும் சேஸிஸ் காது கிழிந்தால் வண்டியின் ஆயுளே கேள்விக்குறி. எங்கே உறுதி வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் வடிவமைப்பாளர் கணக்குப் போட்டிருக்கிறார்.

நான்காவது மறுப்புதான் உண்மையில் கனமானது: கம்பெனி சொன்ன எடையை மட்டும் ஏற்றினால் நடை கட்டுப்படியாகாது. தவணை, டீசல், டயர், காப்பீடு, சுங்கம் எல்லாம் போகக் கையில் நிற்பது அந்தக் கூடுதல் மூட்டைகளின் வாடகைதான் என்று சொல்கிறவரிடம் கோணத்தையும் டிகிரியையும் பேசினால் அது இரக்கமற்ற பேச்சாகத்தான் படும். பெரும்பாலானவர்கள் தங்கள் வண்டியைத் தாங்களே ஓட்டுகிறவர்கள். உடைந்தால் வண்டியும் அவர்களுடையது, உயிரும் அவர்களுடையது. எனவேதான் கூடுதல் பாரத்தின் லாபம் யாருக்குப் போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. வாடகை நடைக்கு இவ்வளவு என்று பேசப்படும் இடத்தில், நூறு கிலோ அதிகம் ஏற்றுவதால் மிச்சம் சரக்குக்காரருக்கு, தேய்மானம் வண்டிக்காரருக்கு. பக்கத்து வண்டியும் பட்டை போட்டிருப்பதால் மறுத்தால் சரக்கு அங்கே போய்விடும் என்ற பயத்தில் எல்லோரும் போடுகிறார்கள். எல்லோரும் போட்ட பிறகு யாருக்கும் கூடுதல் வாடகை இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஓட்டுகிறவர் கட்டும் இந்த அபராதத்தைவிட, எடைக்கேற்ற வாடகை என்பதைச் சந்தையில் ஓட்டுநர் சங்கங்கள் பேசி நிலைநாட்டுவது இந்தப் பட்டைகளை வேகமாகக் கழற்றும் என்று நினைக்கிறேன்.

சட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரம் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் திருத்தத்தில் சேர்ந்த 182ஏ பிரிவு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. தேய்ந்த ஆர்மைக் கழற்றி அதே அளவுள்ள ஆர்ம் போடுவது பழுதுபார்த்தல். அதை யாரும் மாற்றம் என்று சொல்லிவிட முடியாது. வண்டியை உயர்த்திப் பெரிய டயர் போட்டு அதற்காக ஆர்ம் மாற்றுவது அப்படியல்ல என்பது என் வாசிப்பு. சோதனைச் சாவடியில் மறிக்கப்படும் சாத்தியமும், சொல்லாமல் செய்த மாற்றத்தால் காப்பீட்டு இழப்பீடு கேட்கும்போது எழும் தகராறும் சேர்ந்தே வரும்.

அப்படியானால் முன்பக்கம் அடிக்கும் வண்டியை என்ன செய்வது? பணத்தைச் செலவிடும் முன், எங்கே ஆட்டம் என்று பார்க்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தால் தெரியும் ஆட்டம் கிங் பின், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் ஆகியவற்றில் ஒன்றைக் காட்டும். பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் டை ராடு முனை பேசும். இரு கை வண்டியில் ஜாக்கியைச் சேஸிஸுக்குக் கொடுத்தால் கீழ் பால் ஜாயிண்ட்டின் ஆட்டம் ஸ்பிரிங் அழுத்தத்தில் ஒளிந்துகொள்ளும். கீழ் ஆர்முக்கு அடியில் கொடுத்தால்தான் வெளிப்படும். பட்டை வண்டியில் ஷாக்கிள் புஷ், யு போல்ட் இறுக்கம், சென்டர் போல்ட் மூன்றையும் பார்க்காமல் எதையும் மாற்றக்கூடாது. சென்டர் போல்ட் முறிந்து அச்சு ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் எத்தனை அலைன்மெண்ட் செய்தாலும் வண்டி இழுக்கத்தான் செய்யும். தேய்ந்த இடத்தில் கம்பெனி அளவுள்ள நல்ல பொருள் போதும். சென்னையின் ரானே போன்ற நிறுவனங்கள் வண்டிக் கம்பெனிகளுக்கே பால் ஜாயிண்ட்டும் டை ராடும் செய்து கொடுப்பவை. இறக்குமதிப் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கடைசியாக அலைன்மெண்ட். பட்டை வண்டிக்கு அது தேவையில்லை என்ற நம்பிக்கை தவறு. அச்சு வளைந்திருக்கிறதா, முன்சக்கரங்களின் டோ கோணம் சரியா, காஸ்டர் இரண்டு பக்கமும் ஒன்றா என்பதை அளந்துதான் சொல்ல முடியும்.

இதில் வண்டிக்காரர் தனியாகச் செய்ய முடியாத ஒன்று மிச்சம் இருக்கிறது. சரக்கு வண்டிக்கு எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காக வண்டியைக் காட்ட வேண்டும். அந்த நாளில் பெயிண்ட்டும் ஒளிரும் ஸ்டிக்கரும் கூர்ந்து பார்க்கப்படுகின்றன. பின் அச்சின் பட்டைகளை எண்ணி அந்த மாடலின் எண்ணிக்கையோடு ஒப்பிடவும், எல்.எஸ்.பி.வி. கம்பி இருக்கிறதா, கட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவும் ஒரு டார்ச் லைட்டும் ஐந்து நிமிடமும் போதும். சீசன் தொடங்கும் முன், வைகாசிக்குள், தென்காசி வட்டாரத்தில் எஃப்.சி.க்கு வரும் பிக்கப்புகளிலிருந்து இதைத் தொடங்கலாம்.